நினைவிழந்த வேந்தன்! விழித்தெழுந்த மக்கள்!

2001ஆம் ஆண்டு, ஜூன் திங்கள் 2ஆம் நாள். நேபாள நாட்டுத் தலைநகராம் காத்மாண்டுவிலே, இராணுவ மருத்துவமனையின் கட்டிலொன்றில் ஓர் இளைஞன் கிடக்கிறான். கண் திறக்கவில்லை. வாய் பேசவில்லை. தான் எங்கே இருக்கிறோம் என்ற உணர்வும் இல்லை. அந்த இளைஞனைத்தான் நாட்டின் மன்னன் என்று அறிவித்தது அரசவை! முரசு அறையவில்லை, முடி சூட்டவில்லை. ஆயினும் அவன் மன்னன். இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு அவன் தலைவன். படைகளுக்கெல்லாம் அவன் தளபதி!

யார் இந்த இளைஞன்? பட்டத்து இளவரசன் தீபேந்திரா. முதல் நாள் இரவு நாராயண்ஹிட்டி அரண்மனையிலே அரச குடும்பம் விருந்துக்குக் கூடிற்று. விருந்திலே துப்பாக்கி வெடித்தது. மன்னர் பீரேந்திரா மாண்டார். அரசி ஐஸ்வர்யா மாண்டார். இளைய மகன் மாண்டான், மகள் மாண்டாள், உறவினர் பலர் மாண்டனர். சுட்டவன் தீபேந்திராவே என்றும், பின்னர் தன்னையும் சுட்டுக்கொண்டான் என்றும், தலைமை நீதிபதியும் நாடாளுமன்றத் தலைவரும் அடங்கிய விசாரணைக் குழு பின்னர் அறிக்கை தந்தது. அந்த அறிக்கையை நம்பாதோர் நேபாளத்தில் இன்றும் உண்டு. அதற்குள் நாம் புகவில்லை. நாம் கேட்பது வேறு.

தந்தையைக் கொன்றவன் என்று குற்றஞ்சாட்டப்பட்டவன், உணர்வற்றுக் கிடப்பவன், பிழைப்பானா என்று மருத்துவரே சொல்ல முடியாதவன். அவனை எப்படி அரியணையில் ஏற்றினர்? மிக எளிது! மூத்த மகன் என்ற ஒரே தகுதியால் ஏற்றினர். முடியாட்சியின் சட்டத்திலே அறிவுக்கு இடமில்லை, ஒழுக்கத்துக்கு இடமில்லை, உணர்வுக்குக்கூட இடமில்லை. இரத்தம் ஒன்றே போதும்! ஜூன் 4ஆம் நாள் அவன் இறந்தான். அன்றே சிற்றப்பன் ஞானேந்திரா முடிசூடினார். நான்கு நாட்களுக்குள் மூன்று மன்னர்கள்! மக்களை எவரேனும் கேட்டனரா? ஒருவரையும் கேட்கவில்லை.

அதன் பின்னே நடந்த சடங்கையும் சொல்லத்தான் வேண்டும். இறந்த மன்னரின் 11ஆம் நாளன்று, ஒரு பார்ப்பனர் மன்னரைப் போல் உடையணிந்து, விலக்கப்பட்ட பொருள் கலந்ததெனச் சொல்லப்படும் உணவை உண்டு, யானைமீதேறிப் பள்ளத்தாக்கை விட்டே வெளியேறுகிறார். மன்னரின் ஆவியை அவர் சுமந்து சென்றாராம்! மன்னரைக் கொன்றது எது, காக்கத் தவறியது எது, நாட்டில் ஐந்தாண்டாக ஓடும் குருதிக்குக் காரணம் எது என்ற கேள்விகளை ஏற்றிச் செல்லத்தான் எந்த யானையும் வரவில்லை.

ஆம், அந்த நாளிலே நேபாளத்தின் மலைகளில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அந்தப் போரை முன்வைத்துத்தான், "குழப்பம் மிகுந்த நாட்டுக்குக் கோல் பிடிக்க ஒரு கோமகன் வேண்டாமா? கட்சிகள் சண்டையிடும், மன்னர் ஒருவரே ஒன்றுபடுத்துவார்" என்ற வாதம் எழுந்தது. அழகான வாதம்! ஆனால் வாதத்தை வரலாற்றின் உரைகல்லில் உரசிப் பார்ப்பதே பகுத்தறிவாளர் கடமை. உரசிப் பார்ப்போம்.

ஒன்றுபட்ட வரலாறு

'நாட்டை ஒன்றாக்கியவர்' என்று அரண்மனை ஏடுகள் புகழ்ந்த பிருதிவி நாராயண் ஷா, கோர்க்கா என்ற சிற்றரசின் மன்னர். 1768இல் காத்மாண்டுவைக் கைப்பற்றினார். இந்திர விழாக் கொண்டாட்டத்தில் நகரம் மூழ்கியிருந்த வேளை பார்த்துப் படை புகுந்தது. அதற்கு முன்னே கீர்த்திபூர் என்ற ஊர், பலமுறை எதிர்த்து நின்றது. அந்த ஊர் வீழ்ந்தபோது, அங்குள்ளோரின் மூக்கையும் உதட்டையும் அறுத்தெறிந்தனர் என்று, அக்காலத்தில் அங்கிருந்த கிறித்துவப் பாதிரியார் ஒருவர் எழுதிவைத்தார். ஒற்றுமை என்று அரண்மனை எதை அழைத்தது என்பதற்குக் கீர்த்திபூர் சான்று.

1846இல் அரண்மனை முற்றத்திலேயே பெரும் படுகொலை. பிரபுக்கள் பலர் வெட்டுண்டு வீழ, ஜங் பகதூர் என்ற படைத்தலைவர் ஆட்சியைப் பற்றினார். அன்று தொடங்கி 1951 வரை, 104 ஆண்டுகள், ராணாக்களின் ஆட்சி. மன்னர் பதவி பரம்பரை. தலைமை அமைச்சர் பதவியும் பரம்பரை! இரட்டைப் பரம்பரைக்கு இடையே மக்கள் நசுங்கினர். ராணாக்கள் வெள்ளை மாளிகைகள் எழுப்பினர். அவர்கள் ஆட்சி முடிந்தபோது நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தோர், ஏறத்தாழ நூற்றுக்கு ஐவர்!

ஆனால் ராணாக்கள் மறவாமல் செய்த ஒரு காரியம் உண்டு. 1854இல் 'முலுகி ஐன்' என்ற சட்டத் தொகுப்பை இயற்றினர். சாதி அங்கே சட்டமாயிற்று! நாட்டின் குடிகள் அத்தனை பேரும் ஏணிப்படிகளில் நிறுத்தப்பட்டனர். பூணூல் அணிவோர் உச்சியில், அதன்கீழ் அடிமையாக்கக் கூடாத மது அருந்துவோர், அதன்கீழ் அடிமையாக்கத் தக்க மது அருந்துவோர், அதன்கீழ் தொடலாம், ஆனால் கையால் தண்ணீர் வாங்கக் கூடாது எனப்பட்டோர், அடியில் தீண்டத்தகாதோர். மலைகளிலும் தாழ்நிலத்திலும் தம் தெய்வத்தைத் தம் வழியில் வணங்கித் தம் மொழியில் பேசி வாழ்ந்த மகர்களும், குருங்குகளும், தாமாங்குகளும், தாருக்களும் தாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை அரசாங்கத்தின் தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. ஒரே குற்றம், சாதிக்கொரு தண்டனை!

கற்பனையாகச் சொல்லவில்லை. 1941ஆம் ஆண்டு ஜனவரித் திங்களுக்கு வாருங்கள். ராணா ஆட்சியை எதிர்த்துப் 'பிரஜா பரிஷத்' என்ற மறைவியக்கம் கண்டோரைப் பிடித்து விசாரித்தனர். நால்வருக்குச் சாவுத் தண்டனை. சுக்ரராஜ் சாஸ்திரியும் தர்மபக்த மாதேமாவும் தூக்கிலே தொங்கினர். தசரத் சந்தும் கங்காலால் சிரேஷ்டாவும் சுடப்பட்டு வீழ்ந்தனர். இயக்கத்தின் தலைவர் டங்க பிரசாத் ஆச்சாரியா. தலைவருக்கு என்ன தண்டனை? தலையை மழித்துச் சிறையில் அடைத்தனர்! ஏன்? அவர் பார்ப்பனர், பார்ப்பனரைக் கொல்லச் சட்டம் இடந்தரவில்லை. ஆச்சாரியாவைக் குறைகூறி இதை எழுதவில்லை நாம். அவர் சிறைக்கு அஞ்சாத வீரர். குறை அவரிடம் இல்லை. சாவிலும் சாதி பார்த்த அந்தச் சட்டத்தில் இருந்தது. கழுத்தைப் பார்க்குமுன் பூணூலைப் பார்த்த நீதி அது!

வாக்குறுதியும் வஞ்சகமும்

1950 நவம்பரில் மன்னர் திரிபுவன் அரண்மனையை விட்டு வெளியேறி இந்தியத் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்தார். ராணாக்கள் கலங்கவில்லை. அரண்மனையில் விட்டுச் செல்லப்பட்ட பேரக் குழந்தை, மூன்று வயது ஞானேந்திராவின் தலையில் முடியைத் தூக்கி வைத்தனர்! பால்மணம் மாறாத குழந்தையும் மன்னன். அரை நூற்றாண்டு கழித்து உணர்வற்றுக் கிடந்த இளைஞனும் மன்னன்!

ராணா ஆட்சி வீழ்ந்தது. வீழ்த்தியது நேபாள காங்கிரசின் ஆயுதப் போராட்டமும் மக்கள் எழுச்சியும், இந்திய அரசின் அழுத்தமுந்தான். ஆனால் பயனைப் பெற்றது அரண்மனை. 1951 பிப்ரவரி 18இல் மன்னர் திரிபுவன், மக்கள் தேர்ந்தெடுக்கும் அரசியல் நிர்ணய சபை வரையும் சட்டத்தின்படியே நாடு ஆளப்படும் என்று வாக்களித்தார். தோழர்களே, அந்த வாக்குறுதியை நினைவில் வையுங்கள். அது நிறைவேற 57 ஆண்டுகள் ஆயின!

திரிபுவனின் மகன் மகேந்திரா, நிர்ணய சபையைக் கூட்டவில்லை. தானே ஒரு சட்டத்தை அருளினார். அதன்கீழ் 1959இல் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. 109 இடங்களில் 74ஐ நேபாள காங்கிரஸ் வென்றது, பி. பி. கொய்ராலா தலைமை அமைச்சரானார். வரியின்றிப் பிரபுக்கள் அனுபவித்த 'பிர்தா' நிலமுறையை ஒழிக்கச் சட்டம் இயற்றினார். எதிர்ப்பு எங்கிருந்து வந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ? 1960 டிசம்பர் 15இல் மன்னர் படையை ஏவினார். மக்கள் தேர்ந்த அமைச்சரவை சிறைக்கூடத்தில்! கொய்ராலா விசாரணையே இன்றி எட்டாண்டுக் காலம் சிறையில் வாடினார். கட்சிகளுக்குத் தடை. மண்ணுக்கேற்ற ஆட்சி இதுவே என்று சொல்லி, 'பஞ்சாயத்து' என்ற பெயரில் மன்னராட்சி 30 ஆண்டுகள் நடந்தது. 1962ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டை இந்து முடியரசென்று எழுதியது. மன்னர் திருமாலின் அவதாரமென்று புரோகிதர் ஓதினர். அவதாரத்துக்குச் சிறைச்சாலை எதற்கு, தணிக்கை எதற்கு என்று கேட்க ஒருவருக்கும் உரிமையில்லை!

1990இல் மக்கள் வீதிக்கு வந்தனர். குண்டுகள் பாய்ந்தன, ஆனால் மக்கள் ஓயவில்லை. மன்னர் பீரேந்திரா இறங்கி வந்தார். கட்சிகளின் தடை நீங்கிற்று. புதிய சட்டம் பிறந்தது. ஆயினும் அந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டை. நாடு இந்து முடியரசாகவே நீடித்தது. படை, ஏட்டளவில் அமைச்சரவைக்கு, நடப்பிலே அரண்மனைக்கு! வீட்டைக் கட்டி மக்களிடம் தந்தனர். சாவியை அரண்மனை வைத்துக்கொண்டது.

போர் பிறந்த கதை

1996 பிப்ரவரி 4இல், பாபுராம் பட்டராய் என்பார் 40 கோரிக்கைகளை அரசிடம் தந்தார். மன்னர் குடும்பச் சலுகைகளை ஒழிக்க வேண்டும், நாடு மதச்சார்பற்றதாக வேண்டும், தீண்டாமை ஒழிய வேண்டும், மகளிர்க்குத் தந்தை சொத்தில் உரிமை வேண்டும், உழுபவனுக்கே நிலம் வேண்டும் என்பவை அவற்றுட் சில. கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். 1854ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் எதிர்வரிபோல் தோன்றும். ஆனால் மாவோயிஸ்டுகள் தாம் வைத்த கெடு முடியுமுன்னரே, பிப்ரவரி 13ஆம் நாளே, ஆயுதம் தூக்கினர். ரோல்பா, ருகும் முதலிய மேற்கு மலை மாவட்டங்களில் தீ பற்றிற்று.

நாம் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி மறுபக்கத்தை மறைப்போர் அல்லர். மாவோயிஸ்டுகள் ஆசிரியர்களைக் கொன்றனர். சிறுவர்களைப் படையில் சேர்த்தனர். 2005 ஜூனில் சித்வான் மாவட்டத்து மாடி என்னுமிடத்தில் பயணிகள் பேருந்தொன்றைக் கண்ணிவெடியால் தகர்த்து, முப்பதுக்கும் மேற்பட்டோரைச் சாகடித்தனர். மறுபுறம், மக்கள் தேர்ந்த அரசும் மலைக் கிராமங்கள்மீது காவற்படையை ஏவிற்று. அந்தக் கொடுமையே பல இளைஞரைக் காட்டுக்கு ஓட்டியது. கட்சித் தலைவர்கள் நாற்காலிக்காக ஒருவரையொருவர் கவிழ்த்தனர். இவை மக்களாட்சியின் மீதுள்ள கறைகள். மறுக்கவில்லை நாம்.

ஆனால் அதே காலத்தில் வேறொன்றும் நடந்தது. மேற்குத் தாழ்நிலத்தில் தலைமுறை தலைமுறையாய்க் கடனுக்கு அடிமைப்பட்டுக் கிடந்த 'கமையா' உழவர்கள், பெரும்பாலோர் தாருக்கள், தலைநகருக்கே வந்து கூடி முழக்கமிட்டனர். 2000 ஜூலை 17இல் அரசு அவர்களை விடுதலை செய்வதாக அறிவித்தது. குறைபட்ட மக்களாட்சியிலும் அடிமை ஒருவன் வந்து, தலைநகர் வீதியில் நின்று, குரல் கொடுக்க முடிந்தது. மன்னராட்சியிலே அந்த வீதியில் அவனுக்கு நிற்கவும் இடமில்லை.

2001 ஜூலையில் ரோல்பாவின் ஹோலேரியில் காவலர் பலரை மாவோயிஸ்டுகள் பிடித்துச் சென்றனர். படை சென்றது, போரிடவில்லை. நாட்டின் தலைமை அமைச்சர் கிரிஜா பிரசாத் கொய்ராலா, தம் சொல்லுக்குப் படை கட்டுப்படாத நிலையில் பதவி விலகினார். சாவி எவரிடம் இருந்தது என்பது அன்று நாட்டுக்கே தெரிந்தது.

மன்னர் ஆண்டு காட்டினார்

சரி, "முழு அதிகாரத்தையும் மன்னரிடம் தந்து பாருங்கள், அமைதி வரும்" என்றனரே, அதையும் வரலாறு சோதித்துவிட்டது. 2002 அக்டோபர் 4இல் மன்னர் ஞானேந்திரா, தலைமை அமைச்சரைத் திறமையற்றவர் என்று நீக்கினார். 2005 பிப்ரவரி 1ஆம் நாள் ஆட்சி முழுவதையும் தம் கையில் எடுத்துக்கொண்டார். தொலைபேசிகள் ஊமையாயின. தலைவர்கள் வீட்டுக்காவலில். செய்தித்தாள் அலுவலகங்களில் துப்பாக்கி ஏந்திய சிப்பாய், அச்சுக்குப் போகும் வரிகளைப் பார்த்து அடித்தான். வானொலியில் செய்தி கூடாது; பாட்டுப் போடலாம்! எவராவது ஆட்சியை எடுத்துக்கொண்டால் கொள்ளைக்காரன் என்போம். முடி தரித்தவர் எடுத்துக்கொண்டால் நாட்டைக் காப்பவர் என்பதா?

அமைதி வந்ததா? இல்லை! படை களமிறங்கிய 2001 நவம்பருக்குப் பின்னரே சாவுகள் மலைபோல் குவிந்தன. 2003, 2004 ஆண்டுகளில் புதிதாய்க் 'காணாமற் போனோர்' குறித்து ஐக்கிய நாட்டுக் குழுவுக்குச் சென்ற முறையீடுகளில், உலகிலேயே நேபாளம் முன்னின்றது. அரண்மனை தனியாட்சி நடத்திய காலத்தில் போர் முடியவில்லை, பேச்சும் நடக்கவில்லை. 2006 பிப்ரவரியில் நகராட்சித் தேர்தல் என்று ஒன்றை மன்னர் நடத்தினார். ஐந்தில் ஒரு பங்கினரே வாக்களித்தனர். பல இடங்களுக்குப் போட்டியிடவே ஆளில்லை! ஒரு மன்னர் வேறு எதைக் கொண்டு மக்கள் மனத்தை அறிவார்?

பின் அமைதி எப்படி வந்தது? மன்னரால் துரத்தப்பட்ட ஏழு கட்சிகளும், காட்டிலிருந்த மாவோயிஸ்டுகளும், 2005 நவம்பர் 22இல் 12 அம்ச உடன்பாடு கண்டனர். 'பலகட்சி மக்களாட்சியை ஏற்கிறோம்' என்றனர் துப்பாக்கி ஏந்தியோர். 'நிர்ணய சபையை ஏற்கிறோம்' என்றனர் கட்சியினர். 1951இல் மன்னர் தந்த, மன்னர்களே புதைத்த வாக்குறுதி மறுபிறவி எடுத்தது!

2006 ஏப்ரல் 6 முதல் 19 நாட்கள். ஊரடங்கு போட்டார்கள், மக்கள் அடங்கவில்லை. கண்டதும் சுட ஆணை; மக்கள் கலையவில்லை. காத்மாண்டுவைச் சுற்றிய வட்டச் சாலையெங்கும் மனிதக் கடல்! மாணவர், மருத்துவர், உழவர், வழக்கறிஞர், அரசு ஊழியருங்கூட. ஏப்ரல் 21இல், தலைமை அமைச்சரின் பெயரைச் சொல்லுங்கள் என்றார் மன்னர். சலுகை வேண்டாம், உரிமை வேண்டும் என்றனர் மக்கள். ஏப்ரல் 24 நள்ளிரவை நெருங்கும் வேளையில் மன்னர் பணிந்தார். கலைக்கப்பட்ட நாடாளுமன்றம் மீண்டது. மே 18இல் அந்த நாடாளுமன்றம், 'மாட்சிமை தங்கிய மன்னரின் அரசு' என்ற பெயரை 'நேபாள அரசு' என்றாக்கிற்று; படைக்கு முன்னிருந்த 'அரச' என்ற சொல்லை நீக்கிற்று; மன்னரும் வரி கட்ட வேண்டும் என்றது; நாடு மதச்சார்பற்றது என்றது. நவம்பர் 21இல் அமைதி உடன்படிக்கை. பத்தாண்டுப் போர், பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபின் ஓய்ந்தது. ஐக்கிய நாட்டுக் குழு சரிபார்த்த 19,602 மாவோயிஸ்டுப் படையினரில் ஐவருள் ஒருவர் பெண்!

2008 மே 28. நிர்ணய சபையின் முதற்கூட்டம். 601 பேர் கொண்ட சபையிலே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். தலித்துகள் வந்தனர், தாருக்கள் வந்தனர், மாதேசிகள் வந்தனர். குடியரசுக்கு ஆதரவாக 560 வாக்குகள், எதிராக 4! இருநூற்று நாற்பது ஆண்டு மன்னர் மரபு, ஒரு துளி இரத்தமின்றி, வாக்களித்து முடிக்கப்பட்டது. ஜூன் 11இல் ஞானேந்திரா அரண்மனையை விட்டு வெளியேறினார். எவரும் அவர் தலையைக் கேட்கவில்லை, முடியைத்தான் கேட்டனர். அரண்மனை அருங்காட்சியகமாயிற்று. அவதாரம் வாழ்ந்த இடத்தைக் கட்டணச் சீட்டு வாங்கி உழவன் மகன் பார்க்கலானான்!

முடி போயிற்று, பிடி போயிற்றா?

"பிரிட்டனில் மன்னர் இல்லையா? அங்கே மக்களாட்சி இல்லையா?" என்பர் சிலர். உண்டு. ஆனால் அந்நாட்டார் 1649இல் ஒரு மன்னரின் தலையை வாங்கினர்; 1688இல் இன்னொருவரை ஓட்டினர். அதன் பின்னரே மன்னர்கள் அடங்கினர். மன்னர் இருப்பதால் அங்கே மக்களாட்சி நடக்கவில்லை. மன்னர் ஆளாததால் நடக்கிறது. 1990இல் நேபாள மன்னருக்கும் அந்த வாய்ப்பு தரப்பட்டது. அவர்கள் அதை 2005இல் தாமே கொளுத்தினர்.

"குடியரசு வந்ததே, குறை தீர்ந்ததா?" என்பர் வேறு சிலர். இந்தக் கேள்வி நேர்மையானது. நேர்மையாகவே விடை சொல்வோம். தீரவில்லை! முதல் நிர்ணய சபை சட்டம் வரையாமலே 2012இல் முடிந்தது. 2015 செப்டம்பர் 20இல் சட்டம் வந்தபோது தாழ்நிலத்து மாதேசிகளும் தாருக்களும் தமக்கு உரிய பங்கில்லை என்று போராடினர். நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரசுகள் ஆண்டுக்கொன்றாய்க் கவிழ்ந்தன. குடியரசான பின் ஐந்தாண்டை முழுமையாய் ஆண்ட தலைமை அமைச்சர் ஒருவரும் இல்லை. போரில் காணாமற் போனோரின் தாய்மார், 2015இல் அமைந்த உண்மை ஆணையத்தின் வாசலில் பத்தாண்டு காத்திருந்தும் நீதி கிட்டவில்லை.

இன்னொன்றையும் சொல்வோம். தீண்டாமையைக் குற்றமென்று குடியரசு 2011இல் சட்டம் செய்தது. ஆனால் 2020 மே மாதம், புரட்சி தொடங்கிய அதே ருகும் மண்ணிலே, மேல்சாதிப் பெண்ணைக் காதலித்த இளைஞன் ஒருவனும் அவனுடன் சென்ற தோழர்களுமாக அறுவர், ஊர்க் கூட்டத்தால் விரட்டப்பட்டு ஆற்றில் பிணமாயினர். அரண்மனையை விட்டு முடி வெளியேறியது. ஊரை விட்டுச் சாதி வெளியேறவில்லை! 1854ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டிலிருந்து கிழிக்கப்பட்டது; மனத்திலிருந்து கிழிக்கப்படவில்லை. அரியணையை அகற்ற 560 வாக்குகள் போதும். நெஞ்சிலுள்ள அரியணையை அகற்ற வாக்குச் சீட்டு மட்டும் போதாது. அறிவுப் பணி வேண்டும், அயராத பணி வேண்டும்.

இந்தக் குறைகளைக் காட்டித்தான் 2025 மார்ச்சில் மன்னரை மீண்டும் அழைத்துக் காத்மாண்டுவில் ஒரு கூட்டம் கூடிற்று, வன்முறையில் முடிந்தது, இருவர் மாண்டனர். அதே ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள், ஊழலையும் சமூக ஊடகத் தடையையும் எதிர்த்து இளைஞர் எழுந்தனர். முதல் நாளே 19 பேர் குண்டுக்கு இரையாயினர். மறுநாள் நாடாளுமன்றமே எரிந்தது. தலைமை அமைச்சர் ஒலி விலகினார். கொதிப்பு உச்சத்தில் நின்ற அந்த வேளையிலே, அரண்மனையைத் திற என்றா இளைஞர் கேட்டனர்? இல்லை! செப்டம்பர் 12இல் முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி, நாட்டின் முதல் பெண் தலைமை அமைச்சராய் உறுதிமொழி ஏற்றார். 2026 மார்ச் 5 எனத் தேர்தலுக்கு நாள் குறிக்கப்பட்டது. கட்டடம் எரிந்த நாட்டில் மக்கள் தேடியது மன்னரை அன்று, வாக்குப் பெட்டியை!

இதுவே நாம் பெறும் பாடம். மக்களாட்சி தவறு செய்யாது என்று நாம் சொல்லவில்லை. செய்யும், நிறையச் செய்யும். ஆனால் அந்தத் தவற்றைச் செய்தவரை இறக்க ஒரு நாள் குறிக்க முடியும். மன்னர் தவறு செய்தால் அவர் சாகும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். செத்த பின்னும் அவர் மகனுக்குத் தலைவணங்க வேண்டும். அந்த மகன் உணர்வற்றுக் கிடந்தாலும்!

உள்நாட்டுக் கலகத்தால் அல்லலுறும் நாட்டுக்கு மருந்தென்று முடியைக் காட்டுவோரிடம் சொல்வோம்: நேபாளத்தில் கலகத்தை விதைத்தது சாதிச் சட்டம், சாதிச் சட்டத்தைக் காத்தது அரண்மனை, கலகத்தை முடித்தது, ஒருவரையொருவர் கொன்றவர்கள் ஒரே அவையில் உட்கார்ந்து எண்ணிய வாக்கு. முடியைக் கழற்றிய மக்கள், அடுத்துக் கழற்ற வேண்டியது சாதியை. அந்த வேலை நேபாளத்தில் மட்டும் மிச்சமில்லை, தோழர்களே!